உடற்கட்டுப் போட்டிகளின் உடல்நலக் கேடுகள்

உடற்கட்டுப் போட்டி அல்லது ஆணழகன் போட்டி என்பது, பயிற்சியால் வளர்த்த தசைகளின் பருமன், சீரமைவு, தெளிவு ஆகியவற்றை மேடையில் காட்டி மதிப்பெண் பெறும் போட்டியாகும். இத்தகைய முதற் பெரும்போட்டியை யூஜின் சாண்டோ 1901 ஆம் ஆண்டு இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடத்தினார். எடைப்பயிற்சி பொதுவாக உடலுக்கு நன்மை தருவதாகும். போட்டிக்கான கடும் ஆயத்தமும் அதற்கெனப் பயன்படுத்தப்படும் மருந்துகளுமே பெரும்பாலான கேடுகளுக்குக் காரணமாகின்றன.

போட்டிக்கு முந்தைய ஆயத்தம்

போட்டியாளர்கள் பல வாரங்கள் உணவைக் குறைத்து, உடற்கொழுப்பை மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவருகின்றனர். இதனால் களைப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியன ஏற்படலாம். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். தசைகள் தெளிவாகத் தெரிவதற்காக, இறுதி நாட்களில் சிலர் நீர் அருந்துவதைக் குறைத்து, சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளையும் உட்கொள்கின்றனர். இதனால் உடலில் நீரின் அளவு குறைவதுடன் சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் சமநிலையும் குலைகிறது. இதயத்துடிப்பு சீராக நடைபெற இவ்வுப்புகள் இன்றியமையாதவை என்பதால், இதயம் திடீரென நின்றுவிடக்கூடும். பார்வைக்கு உடல் மிக வலிமையாகத் தோன்றும் நாளிலேயே அது மிகவும் நலிந்திருக்கலாம்.

ஊக்கமருந்துகள்

அனபோலிக் ஸ்டீராய்டுகள் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் இயக்குநீரை ஒத்த பொருட்களாகும். மருத்துவத்தில் பயன்படும் இவற்றை அளவுக்கு மீறி எடுப்பதால் பின்வரும் கேடுகள் ஏற்படலாம்:

* இதயம்: இதயச் சுவர் தடித்தல், உயர் இரத்த அழுத்தம், நல்ல கொழுப்புக் குறைந்து கெட்ட கொழுப்புக் கூடுதல்.
* கல்லீரல்: மஞ்சள் காமாலை, கட்டிகள். வாய்வழி உட்கொள்ளும் வகைகளால் இவை கூடுதலாக ஏற்படுகின்றன.
* ஆண்கள்: விரை சுருங்குதல், மலட்டுத்தன்மை, மார்பகப் பெருக்கம்.
* பெண்கள்: முகத்தில் முடி வளர்தல், குரல் தடித்தல். மருந்தை நிறுத்திய பின்னரும் குரல் பழைய நிலைக்குத் திரும்பாதிருக்கலாம்.

தசை வளர்ச்சிக்காக இன்சுலின் செலுத்திக்கொள்வோரும் உளர். நீரிழிவு இல்லாதவருக்கு இது இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தி, ஆழ்மயக்கத்தையோ இறப்பையோ ஏற்படுத்தக்கூடும்.

குறிப்பிடத்தக்க இறப்புகள்

முகமது பெனாசிசா 1992 அக்டோபரில் நெதர்லாந்தில் நடந்த போட்டியொன்றில் பங்கேற்ற பின் இறந்தார். சிறுநீர்ப்பெருக்கிகளால் ஏற்பட்ட நீரிழப்பு இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. ஆஸ்திரிய வீரர் ஆண்ட்ரியாஸ் முன்சர், மிகக் குறைந்த உடற்கொழுப்புக்காகப் புகழ்பெற்றவர். அவர் 1996 மார்ச் 14 அன்று, பல உறுப்புகள் செயலிழந்து, தமது 31 ஆம் அகவையில் காலமானார்.

2005 முதல் 2020 வரையிலான காலத்தில் பன்னாட்டுப் போட்டிகளில் பங்கேற்ற 20,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பற்றிய ஆய்வு 2025 இல் வெளியானது. அதில் கண்டறியப்பட்ட 121 இறப்புகளில் இறந்தோரின் சராசரி அகவை 45 ஆகும். தொழில்முறை வீரர்கள் திடீர் இதய இறப்புக்கு ஆளாகும் வாய்ப்பு, பொழுதுபோக்குப் போட்டியாளர்களைக் காட்டிலும் ஐந்து மடங்குக்கும் கூடுதலாக இருந்தது.

தடுப்பு

ஊக்கமருந்துச் சோதனையுடன் நடத்தப்படும் 'இயற்கை உடற்கட்டு' போட்டிகளும் உள்ளன. எனினும் கடும் உணவுக் குறைப்பும் நீர்க்குறைப்பும் அவற்றிலும் தீங்கு விளைவிக்கலாம் என்பதால், மருத்துவக் கண்காணிப்பு அவற்றிலும் தேவையாகிறது.