1 லட்சம் கி.மீ. தாண்டின செகண்ட் ஹேண்ட் கார்: எந்த ஆயில், எந்த ஃபில்டர்? ஒரு ஆடிட்டர் கணக்கு



ஆடிட்டருக்கும் என்ஜின் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். சம்பந்தம் பணம்தான். செகண்ட் ஹேண்ட் கார் எடுக்குற பல பேர் வண்டி விலை, இ.எம்.ஐ., பெட்ரோல் இந்த மூணை மட்டும் கணக்குப் போடறாங்க. ஆனா 1 லட்சம் கி.மீ. ஓடின வண்டியில உங்க சேமிப்பைக் காலி பண்ணக்கூடிய செலவு வேற. அது என்ஜின் வேலை. சின்ன பெட்ரோல் காருக்கே என்ஜினை இறக்கிப் பார்த்தா 50,000 ரூபாயைத் தாண்டறது சகஜம். 35,000 சம்பளம் வாங்குறவருக்கு இது கிட்டத்தட்ட ஒன்றரை மாசச் சம்பளம்.

இன்ஷூரன்ஸ் வருமா?

வராது. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் விலக்குப் பட்டியல்ல இருக்கு. ஆயில் குறைஞ்சு என்ஜின் ஜாம் ஆனா கிளைம் கிடையாது. என்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் பொதுவா தண்ணி உள்ளே போனது, அடியில அடிபட்டு ஆயில் ஒழுகினது மாதிரி சேதத்துக்குத்தான். பழைய வண்டிக்குப் பல கம்பெனிகள் அதைத் தர்றதும் இல்ல.

அதனால இந்த வண்டிக்கு உண்மையான இன்ஷூரன்ஸ் நேரத்துக்கு மாத்துற ஆயிலும் ஃபில்டரும்தான். அதோட பிரீமியம் எவ்வளவுன்னு பார்ப்போம்.

முதல்ல மேனுவல், அப்புறம்தான் கடை

ஆயில் டின்ல ரெண்டு விஷயம் பாருங்க.

ஒண்ணு, கிரேடு. 5டபிள்யூ-30ல முதல் எண், குளிர்ல ஆயில் எவ்வளவு சுலபமா ஓடும்னு சொல்லுது. ரெண்டாவது எண், என்ஜின் சூடானப்போ (100 டிகிரி செல்சியஸ்ல) எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்லுது.

ரெண்டு, தரம். பெட்ரோல் வண்டிக்கு ஏபிஐ எஸ்எம், எஸ்என், எஸ்பின்னு போட்டிருக்கும். எழுத்து முன்னேற முன்னேற புதுசு. எஸ்என் 2010ல வந்தது, எஸ்பி 2020ல. மேனுவல்ல எஸ்எம்னு இருந்தா எஸ்பி தாராளமா ஊத்தலாம், ஆனா கிரேடு மாறக்கூடாது. டிபிஎஃப் இருக்குற பிஎஸ்6 டீசல் வண்டிக்குச் சாம்பல் கம்மியா விடுற தனி ஆயில் வேணும். அதுல மேனுவல்ல போட்டிருக்குற ஸ்பெக்கை அப்படியே வாங்குங்க.

"வண்டி பழசு சார், 20டபிள்யூ-50 கெட்டியா ஊத்திடலாம்"னு மெக்கானிக் சொல்வார். ஆயில் குடிக்குறது கொஞ்சம் குறையலாம். ஆனா காலையில ஸ்டார்ட் பண்ணும்போது கெட்டி ஆயில் மேல ஏற லேட்டாகும், மைலேஜும் குறையும். கெட்டி ஆயில்தான் வேணும்னா, மேனுவல் சார்ட் அனுமதிக்கிற வரைக்கும் ஒரு படி மட்டும் ஏறுங்க: 5டபிள்யூ-30லேர்ந்து 5டபிள்யூ-40.

"பழைய என்ஜின்ல சிந்தெடிக் ஊத்தினா லீக் ஆகும்"னும் சொல்வாங்க. காய்ஞ்சு போன ஆயில் சீல்தான் லீக் ஆகும். அழுக்கு அடைச்சு மறைஞ்சிருந்த லீக், நல்ல ஆயில் அழுக்கைக் கரைச்சதும் வெளியே தெரியும். மாத்த வேண்டியது சீலை.

இப்போ கணக்கு

2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மாசம் 1,000 கி.மீ. ஓட்டம், 3.5 லிட்டர் ஆயில்னு வெச்சுப்போம். ஃபில்டர், வாஷர், லேபர் சேர்த்து ஒவ்வொரு தடவையும் ₹600. கீழே இருக்குற விலையும் இடைவெளியும் உதாரணம்தான், உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க.

- மினரல்: லிட்டர் ₹350, 5,000 கி.மீ.க்கு ஒரு தடவை. வருஷத்துக்கு ₹4,380.
- செமி சிந்தெடிக்: லிட்டர் ₹450, 7,500 கி.மீ. வருஷத்துக்கு ₹3,480.
- ஃபுல் சிந்தெடிக்: லிட்டர் ₹700, 10,000 கி.மீ. வருஷத்துக்கு ₹3,660.

டின் விலையில ரெண்டு மடங்கு வித்தியாசம். ஆனா வருஷக் கணக்குல அதிகபட்சம் 900 ரூபாய், மாசம் 75 ரூபாய்தான். விலை கம்மின்னு மினரல் வாங்கினவருக்குத்தான் செலவு ஜாஸ்தி! அவர் அதையும் 10,000 கி.மீ. வரைக்கும் இழுத்தா, மிச்சம் பிடிக்கிறது என்ஜினோட ஆயுசுலேர்ந்து.

ஒரே ஒரு விஷயம் இந்தக் கணக்கை மாத்தும். உங்க என்ஜின் எவ்வளவு ஆயில் குடிக்குது? வருஷத்துக்கு 4 லிட்டர் டாப்-அப் ஆகுதுன்னா, ஃபுல் சிந்தெடிக் செலவு ₹6,460, செமி ₹5,280. அப்போ மேனுவல் கிரேடுலயே செமி கிடைச்சா அதுதான் புத்திசாலித்தனம்.

டிப்ஸ்டிக்தான் உங்க பாஸ்புக்

வாரத்துல ஒரு நாள், காலையில, சமதளத்துல, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க. சின்ன கார்கள்ல மினிமம் கோட்டுக்கும் மேக்ஸிமம் கோட்டுக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு லிட்டர். தேதி, ஓடோமீட்டர், லெவல் மூணையும் போன்ல குறிச்சு வைங்க.

1,000 கி.மீ.க்கு அரை லிட்டருக்கு மேல குறையுது, பின்னாடி நீலப் புகை வருதுன்னா, கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்துட்டு வண்டியை வெச்சுக்கலாமா, வித்துடலாமான்னு முடிவெடுங்க. ஆயில் பால் கலந்த டீ நிறத்துல இருந்தா கூலன்ட் கலந்திருக்கலாம். ஓட்டாம மெக்கானிக்கை வரச் சொல்லுங்க. கறுப்பா இருக்குறதை வெச்சு மட்டும் ஆயில் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. அழுக்கை இழுத்து வெச்சுக்கறது அதோட வேலை.

ஃபில்டர்ல கஞ்சத்தனம் வேண்டாம்

ஆயில் மாத்தும்போதெல்லாம் ஆயில் ஃபில்டரும் மாறணும். நல்ல ஃபில்டர் உள்ளே ஒரு வால்வு இருக்கும். வண்டி நிக்கும்போது ஆயில் முழுக்கக் கீழே வடிஞ்சுடாம அது பிடிச்சு வைக்கும். மட்டமான ஃபில்டர்ல அது சரியா வேலை செய்யாது. அப்போ தினமும் காலையில முதல் சில நொடிகள் என்ஜின் சரியான ஆயில் பிரஷர் இல்லாம ஓடும். வண்டிக் கம்பெனியோட ஒரிஜினல், இல்லன்னா பாஷ், பியூரோலேட்டர் மாதிரி பேர் தெரிஞ்சது வாங்குங்க. மிச்சம் நூறு ரூபாய், ரிஸ்க் அரை லட்சம்.

ஏர் ஃபில்டரைக் காத்தடிச்சுக் காத்தடிச்சு வருஷக்கணக்கா ஓட்டாதீங்க, பேப்பர் கிழியும். செம்மண் ரோட்டுல ஓட்டுறவங்க மேனுவல் சொல்றதுக்கு முன்னாடியே மாத்தணும். டீசல்னா ஃப்யூவல் ஃபில்டர்ல தேங்குற தண்ணியை வடிக்கணும். ஏ.சி. ஃபில்டர் என்ஜினுக்கு இல்ல, உங்க மூக்குக்கு. பல கார்கள்ல அதை நீங்களே மாத்திடலாம்.

புதுசா வாங்கினவங்க இதைச் செய்யுங்க

1. பழைய ஓனர் என்ன சொன்னாலும் சரி, வாங்கின வாரமே ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாத்துங்க. 3,000 கி.மீ.ல இன்னொரு தடவை மாத்துங்க. ஹிஸ்டரி தெரியாத என்ஜினுக்கு ஃப்ளஷ் கெமிக்கலை விட இது பத்திரம்.
2. பேரல்லேர்ந்து ஊத்துற லூஸ் ஆயில் வேண்டாம். சீல் பிரிக்காத டின்னை உங்க முன்னாடி திறக்கச் சொல்லுங்க.
3. ஜிஎஸ்டி பில் வாங்குங்க. போலி வந்தா கேள்வி கேட்கவும், ஆபீஸ்ல கார் மெயின்டெனன்ஸ் ரீஇம்பர்ஸ்மென்ட் இருந்தா காட்டவும், நாளைக்கு வண்டியை விக்கும்போது விலை பேசவும் அதுதான் ஆதாரம்.
4. மாசம் ₹1,500 தனி ஆர்.டி. போடுங்க. சர்வீஸ் போக மிச்சம் டயர், பேட்டரி, கிளட்சுக்கு உதவும். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடவே வேண்டாம்.

இந்த ஞாயித்துக்கிழமை பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கைப் பாருங்க, முதல் என்ட்ரியைப் போடுங்க. அதுக்கு ஒரு பைசா செலவில்ல. அடுத்த வீடியோவுல செகண்ட் ஹேண்ட் கார் லோன் வட்டியைப் பிரிச்சுப் பார்ப்போம்.