செல்வாக்கிழந்த வேட்பாளரும் கட்சி என்கிற அமைப்பும்

2024 ஜூலையில் அமெரிக்க ஜனநாயகக் கட்சி ஜோ பைடனுக்குப் பதிலாக கமலா ஹாரிசை நிறுத்தியபோது, நம்மூர்ப் பத்திரிகைகளுக்கு மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம்தான் பெரிய செய்தியாக இருந்தது. ஹாரிசின் தாய்வழித் தாத்தா பிறந்த ஊர், கோயிலில் பூஜை, பேனர். போகட்டும். அந்த ஆரவாரத்தில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போய்விட்டது. ஜனங்களுக்குப் பிடிக்காமல் போன ஒரு வேட்பாளரைத் தேர்தலுக்கு முன்னால் கட்சி மாற்றலாமா? நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டபோது, "தோக்குற குதிரை மேல யாராவது பணம் கட்டுவாங்களா?" என்று சிரித்தார். பந்தயம் கட்டுகிறவன்தான் கட்சி என்றால் அவர் சொல்வது சரி. கட்சியை நாம் அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

'செல்வாக்கில்லை' என்பதை ஒரு ஆளின் உடம்போடு ஒட்டிய குணம் போலப் பேசப் பழகியிருக்கிறோம், உயரம், நிறம் மாதிரி. இந்தப் பாவனையைத் தொடர்ந்து உற்பத்தி செய்து தருவது கருத்துக் கணிப்பு. விலைவாசி மேல் ஒருவருக்கு எரிச்சல், போரின் மேல் இன்னொருவருக்குக் கோபம், எண்பதைத் தாண்டிய மனிதர் வார்த்தைக்குத் தடுமாறுவதைப் பார்த்து மற்றொருவருக்குச் சங்கடம். மூன்றும் ஒரே சதவீதத்துக்குள் கரைந்துவிடுகின்றன. கரைந்தபின் எது எதற்கான எதிர்ப்பு என்று பிரித்தெடுப்பது முடியாத காரியம்.

பிரித்துக் காட்டியவர்களும் இருந்தார்கள். 2024 பிப்ரவரி 27 அன்று மிச்சிகனில் முதனிலைத் தேர்தல் நடந்தது (கட்சியின் வேட்பாளரைக் கட்சி வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல் இது). அதில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பைடனுக்குப் போடாமல், 'யாருக்கும் இல்லை' என்கிற பொருள்படும் கட்டத்தில் குறியிட்டார்கள். காஸாவில் நடக்கும் போருக்கு ஆயுதம் கொடுப்பதை நிறுத்து என்பதே அதன் அர்த்தம். எதிரிகள் போட்ட வாக்கல்ல, சொந்தக் கட்சிக்காரர்கள் காரணத்தைச் சொல்லிப் போட்ட வாக்கு. வேட்பாளரை மாற்ற அது போதவில்லை. ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் டிரம்ப்புடன் நடந்த ஒன்றரை மணி நேரத் தொலைக்காட்சி விவாதம் போதுமானதாக இருந்தது. கொள்கை பற்றிய மறுப்பு காதில் விழவில்லை, உடம்பின் தள்ளாட்டம் உடனே கண்ணில் பட்டுவிட்டது. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொண்டால் மற்றவை தெளிவாகும்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. எம்.பி.க்கள் ஒவ்வொருவராக விலகச் சொன்னார்கள். பெரும் நன்கொடையாளர்கள் பணத்தை நிறுத்துவோம் என்றார்கள். ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் குளூனி 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் கட்டுரை எழுதினார். பைடன் தரப்பின் பதில், தனக்கு முதனிலைத் தேர்தல்களில் விழுந்த ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் வாக்குகளை யார் ரத்து செய்வது என்பது. வலுவான பதில் மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் அந்தத் தேர்தல் எப்படிப்பட்டது? புளோரிடாவில் கட்சி பைடனின் பெயரை மட்டுமே கொடுத்ததால் வாக்குப்பதிவே நடக்கவில்லை. பொறுப்பிலிருக்கும் அதிபரை எதிர்த்து முக்கியத் தலைவர்கள் யாரும் நிற்கவில்லை. ஒரே சரக்கை வைத்துக்கொண்டு 'ஜனங்க இதைத்தான் கேட்டாங்க' என்று கடைக்காரர் சொல்வது மாதிரிதான்.

ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியை ஆராய்ந்து ராபர்ட் மிஷெல்ஸ் 1911இல் எழுதிய நூலின் வாதம் தெரிந்ததுதான்: எத்தனை ஜனநாயகம் பேசும் கட்சியானாலும் அமைப்பு என்று வந்துவிட்டால் சிலரின் ஆட்சி வந்துவிடும். அந்தச் சிலரை உடைக்கத்தான் 1968க்குப் பிறகு அமெரிக்காவில் முதனிலைத் தேர்தல்களுக்கு அதிகாரம் தரப்பட்டது. அந்த ஆண்டு ஒரு முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாமலே ஹூபர்ட் ஹம்ப்ரி வேட்பாளரானார், சிகாகோ தெருக்களில் ரத்தம் சிந்தியது. சீர்திருத்தம் வந்தது. பழைய கட்சி முதலாளிகள் போனார்கள். அந்த இடத்தில் யார் உட்கார்ந்தார்கள்? 2024இல் பதில் தெரிந்தது: கணிப்பாளர், நன்கொடையாளர், தொலைக்காட்சி. ஜூலை 21 பைடன் விலகினார். மறுநாளே போதுமான பிரதிநிதிகளின் ஆதரவு ஹாரிசுக்குச் சேர்ந்துவிட்டது. போட்டி இல்லை, விவாதம் இல்லை.

அப்படியானால் மாற்றியிருக்கக் கூடாதா? கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றியது சரி, அதையும் ஒரு வருஷம் முன்னாடி செய்திருக்கணும். என் சங்கடம் வேறு.

1990இல் பிரிட்டிஷ் கன்சர்வேடிவ் கட்சி மார்கரெட் தாட்சரை இறக்கியதை எடுத்துக்கொள்வோம். கோடீஸ்வரரும் கடைச் சிப்பந்தியும் ஒரே தொகை கட்டவேண்டிய தலைவரியை அவர் கொண்டுவந்தார். லட்சக்கணக்கானோர் கட்ட மறுத்தார்கள், மார்ச் மாதம் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தது. நவம்பரில் எம்.பி.க்களின் முதல் சுற்று வாக்கெடுப்பில் தாட்சர் 204-152 என்று முன்னிலை பெற்றும், விதி கேட்ட பெரும்பான்மைக்கு 4 வாக்கு குறைந்தது. இரண்டு நாளில் போய்விட்டார். இதையும் ஜனநாயகம் என்று சொல்ல முடியாது, சாதாரண உறுப்பினருக்கு அதில் வாக்கே கிடையாது. ஆனால் ஜான் மேஜர் வந்த சில மாதங்களிலேயே தலைவரியைக் கைவிடுவதாக அரசு அறிவித்துவிட்டது. ஆளோடு சேர்ந்து ஆளின் மேலிருந்த கோபத்துக்கான காரணமும் போயிற்று. 1992 ஏப்ரலில் கட்சி மறுபடி ஜெயித்தது. வலதுசாரிகளுக்குப் புரிந்தது தாராளவாதிகளுக்குப் புரியவில்லை என்பது எனக்கு உவப்பான முடிவல்ல. ஆனால் நடந்தது அது.

2024 அக்டோபர் 8 அன்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பைடனிலிருந்து வேறாக எதைச் செய்திருப்பீர்கள் என்று ஹாரிசைக் கேட்டார்கள். எதுவும் மனதில் தோன்றவில்லை என்றார். நவம்பரில் 226-312 என்று தோற்றார். மாற்றாமல் விட்டிருந்தால் இன்னும் கேவலமாகத் தோற்றிருப்பார்கள் என்கிறார்கள். இருக்கலாம். அந்த ஆண்டு பல நாடுகளில் ஆளும் கட்சிகள் அடிவாங்கின, விலைவாசி யாரையும் விடவில்லை. ஆனால் எதற்காகப் பிடிக்கவில்லை என்று சொல்ல வந்தவர்களையே வெளியே நிறுத்திவிட்டு, முகத்தை மட்டும் மாற்றிக்கொண்டது இந்தக் கட்சி.

வெளியே நிறுத்தியது என்பது உவமை அல்ல. ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டு மேடையில் ஒரு பாலஸ்தீன அமெரிக்கருக்குச் சில நிமிடம் பேச இடம் கேட்டார்கள், அந்த 'யாருக்கும் இல்லை' வாக்குகளால் தேர்வான பிரதிநிதிகள். மறுக்கப்பட்டது. உள்ளே புதிய வேட்பாளருக்குக் கைதட்டல் நடந்துகொண்டிருக்க, அவர்கள் அரங்குக்கு வெளியே நடைபாதையில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள்.