‘கலா’: லண்டன் ஆல்பத்தில் நம்ம ஊர் உறுமி!

பிரிட்டிஷ் பாப், ராக் ஆல்பங்கள் எல்லாமே இப்போது போனிலேயே கிடைக்கின்றன. ஆனால், எதிலிருந்து கேட்கத் தொடங்குவது? தமிழ்க் காதுகளுக்கு ஒரு நல்ல வாசல் இருக்கிறது. 2007-ல் வெளியான ‘கலா’. ரஜினியின் ‘காலா’ இல்லை. இது ஓர் அம்மாவின் பெயர்.

யார் இந்த எம்.ஐ.ஏ?

எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் 1975-ல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். போர்ச் சூழலில் குடும்பம் கொஞ்ச காலம் சென்னையிலும் இருந்தது. பத்து வயதைத் தாண்டியபோது அம்மாவோடு அகதியாக லண்டன் திரும்பினார். அங்கே தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர்தான் கலா. 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்று பெயர் வைத்த மகள், இரண்டாவதை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்.

இந்த ஆல்பத்தை அமெரிக்காவில் உருவாக்கத்தான் திட்டம். விசா சிக்கல் வந்தது. இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் போனார். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ஸ்டூடியோவில் தமிழ் மேளக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். மூடிய ஒரு கதவுதான் ஆல்பத்தின் சத்தத்தையே மாற்றியது.

காதுக்குத் தெரிந்த சத்தம்

முதல் பாட்டு ‘பாம்பூ பாங்கா’. அதற்குள் ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து ஒரு துண்டு! இரண்டாவது பாட்டான ‘பேர்ட் ஃப்ளூ’விலும், அடுத்து வரும் ‘பாய்ஸ்’ பாட்டிலும் மேளம் பொரிந்து தள்ளுகிறது. வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது எழும் அந்த உறுமலை, தெரியாதவர்கள் ஏதோ கம்ப்யூட்டர் சத்தம் என்று நினைக்கலாம். கோயில் கொடையிலும் சாவு ஊர்வலத்திலும் கேட்டவர்களுக்கு அப்படித் தோன்றாது. மாசி மகத்தன்று மரக்காணம், புதுச்சேரி கடற்கரையில் தீர்த்தவாரி பார்த்தவர்களுக்கும், கூட்டத்தை மேளம் எப்படி நகர்த்தும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஓர் ஆல்பத்தை விமர்சிக்க ஆங்கிலப் புலமை மட்டும் போதாது என்பதற்கு இந்த இரண்டு பாட்டுகளே சாட்சி.

ராக் பேண்டின் கிதார்

ஆல்பத்தின் உச்சம் ‘பேப்பர் பிளேன்ஸ்’. பின்னால் சுழன்றுகொண்டே வரும் கிதார், ‘தி கிளாஷ்’ என்ற லண்டன் ராக் பேண்டின் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டிலிருந்து எடுத்தது. 1982-ல் வந்த ‘காம்பாட் ராக்’ ஆல்பத்தில் இருக்கிறது. குடியேறிகளை ஒதுக்கும் பிரிட்டனையும், அமெரிக்க வீரர்கள் வியட்நாமில் விட்டுச் சென்ற குழந்தைகளையும் பற்றிய பாட்டு அது. 25 ஆண்டுகள் கழித்து, ஒரு அகதிப் பெண் அதே கிதாரை எடுத்து, குடியேறி என்றாலே திருடனாகப் பார்க்கும் கண்களைக் கேலி செய்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்று மற்றொன்றுக்குப் பதில் சொல்வதுபோல இருக்கும். இந்தப் பாட்டு ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் வந்தது. அதே படத்துக்காக ரஹ்மானும் எம்.ஐ.ஏ.வும் சேர்ந்து செய்த ‘ஓ... சாயா’ ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

குறையே இல்லையா?

இருக்கிறது. பன்னிரண்டு பாட்டுகளில் எல்லாமே ஒரே தரம் இல்லை. டிம்பலேண்ட் இசையமைத்த கடைசிப் பாட்டு ‘கம் அரவுண்ட்’, வேறு ஆல்பத்திலிருந்து தப்பி வந்ததுபோல ஒட்டாமல் நிற்கிறது. சில இடங்களில் இரைச்சல் பாட்டை விழுங்கிவிடுகிறது.

இன்னொன்று யோசிக்க வேண்டியது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ எழுதியவர்கள் பட்டியலில் தி கிளாஷின் நால்வர் பெயரும் இருக்கிறது. அது நியாயம். ஆனால் ஆல்பத்துக்கு உயிர் கொடுத்த மேளக்காரர்களைப் பற்றிய பேச்சு, பெரும்பாலும் ‘சென்னை டிரம் குழு’ என்பதோடு முடிந்துவிடுகிறது. கிதாருக்குக் கிடைக்கும் மரியாதை உறுமிக்கும் கிடைக்க வேண்டாமா? அந்தக் கேள்வியை நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

எப்படிக் கேட்பது?

போன் ஸ்பீக்கர் வேண்டாம். மேளத்தின் அடிநாதம் அதில் கேட்காது. இயர்போன் அல்லது கார் ஸ்பீக்கர் நல்லது. மொத்தம் சுமார் 48 நிமிடம். ஈ.சி.ஆரில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது போட்டால், புதுச்சேரி வருவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கவனம்: ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் துப்பாக்கிச் சத்தமும், பெரியவர்களுக்கான சில வரிகளும் உண்டு. ‘பாய்ஸ்’ பாட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. பின் சீட்டில் இருக்கும் பாட்டிகூடத் தாளம் போடுவார்!