குமரிக் கரையில் ஒரு சனி, ஒரு ஞாயிறு

திண்டுக்கல்லில் வாழும் என் தங்கையின் குடும்பத்தார் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நாகர்கோவிலில் எங்கள் இல்லத்துக்கு வந்து சேர்ந்தனர். கடலைப் பார்த்தறியாத பிள்ளைகள் இருவரும் நள்ளிரவு வரை உறங்கவில்லை. மைத்துனரின் சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. அதில் 11 இடங்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். இரண்டே நாட்களில் அவற்றில் 9 இடங்களைப் பார்த்தும் விட்டார்கள். ஒவ்வோர் இடத்தையும் விட்டு வண்டியேறும்போது பேனாவை எடுத்து ஒரு பெயரை அடிப்பார். ஞாயிறு மாலை பேருந்து நிலையத்தில் இளைய மகளிடம், “எதம்மா உனக்கு மிகவும் பிடித்தது?” என்று கேட்டேன். “படகுக்காக வரிசையில் நின்றோமே மாமா, அங்கே ஒரு நாய்க்குட்டி இருந்தது. அதுதான்” என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். ஆயினும் அந்தப் பதில் பல நாட்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை. முக்கடலையும் காட்டி அனுப்பிய பிள்ளையின் நெஞ்சில் நாய்க்குட்டி மட்டும் நின்றதென்றால், குறை பிள்ளையிடம் இல்லை. நாங்கள் வகுத்த திட்டத்தில் இருந்தது. அடுத்த முறை அவர்கள் வருவதாகக் கடிதம் எழுதியபோது, திட்டத்தை நானே வகுக்கிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டேன். அதற்காக விசாரித்ததையும் கற்றதையும், குடும்பத்தோடு இப்பக்கம் வர எண்ணும் அன்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கிழக்கே ஆரோக்கியபுரம் முதல் மேற்கே நீரோடி வரை குமரி மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுடையது. இதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவர் ஊர்கள் நெருங்கி அமைந்திருக்கின்றன. வெளியூரார் பார்ப்பதெல்லாம் முனையில் உள்ள ஒரு கிலோமீட்டரை மட்டுமே. எஞ்சிய கரையில் நாள்தோறும் ஏதேனும் நிகழ்ந்தவண்ணம் இருக்கிறது. ஆனால் நாம் வரும் நேரத்துக்காக அது காத்திராது. ஆகவே முதலில் எடுக்க வேண்டியது வரைபடம் அன்று, நாட்காட்டி.

மாதத்தைப் பார்ப்போம். ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போது மேற்குக் கடற்கரையில் அலை சீறும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை அப்பக்கத்து விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையும் உண்டு. கிழக்குப் பக்கத்துக்கு அத்தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எனவே பள்ளிக் கோடை விடுமுறையில் ‘துறைமுகம் பார்க்கலாம்’ என்று சின்னமுட்டத்துக்குப் போனால், கட்டிக் கிடக்கும் படகுகளைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட இயலும். என் அனுபவத்தில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே சிறந்தவை. திருவிழாவை விரும்புவோர் நவம்பர் 24 முதல் டிசம்பர் 3 வரை நடைபெறும் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத் திருவிழாவுக்கு வரலாம். கடைசி நாட்களின் தேர்ப்பவனியில் கடற்கரையாரும் உள்நாட்டாரும் தோளோடு தோள் உரசி நிற்பதைக் காணலாம். ஆனால் அவை மழைநாட்கள். 2017ஆம் ஆண்டில் அத்திருவிழா நாட்களிலேயே, நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயல் வந்து இம்மாவட்டத்து மீனவர் பலரைக் கடலோடு கொண்டு சென்றது. அந்த நாட்கள் வரும்போது இவ்வூர்த் தாய்மார் பலர் தேரைப் பார்ப்பதற்கு முன்பு வானத்தைப் பார்க்கிறார்கள்.

அடுத்தது கிழமை. பெரும்பாலான கடற்கரை ஊர்களில் ஞாயிறன்று தொழிலுக்குச் செல்வதில்லை. மீன் ஏலம், வள்ளம் கரையேறுதல், வலை இழுத்தல் ஆகிய அனைத்தும் சனிக்கிழமைக்கு உரியவை. இந்த ஒரு செய்தியை அறியாமல் சனியன்று கன்னியாகுமரிக் கடைவீதியில் சோழி வாங்கிவிட்டு, ஞாயிறு காலையில் மீன் பார்க்கக் கிளம்பி, வெறுங்கரையைக் கண்டு திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ.

ஆதலால் சனிக்கிழமை விடியும் முன்னே எழுந்து முட்டத்துப் பக்கம் செல்லுங்கள். நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர். இரவெல்லாம் கடலில் கிடந்த வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வரும். சாளை, அயலை, நெத்திலி, வாளை என்று குவியல் குவியலாக மணலில் கொட்டப்படும். ஏலம் கூறுபவர் பாடுகிறாரா பேசுகிறாரா என்று புரியாத வேகத்தில் தொகையை ஏற்றிக்கொண்டே போவார். மீன் விற்கும் பெண்கள் வாய் திறவாமல் கண்ணாலும் விரலாலும் விலை கேட்பார்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு குவியல் கைமாறிவிடும். எண்கணிதம் கசக்கும் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும்; மனக்கணக்கு என்றால் என்ன என்று அவர்கள் தாமே அறிந்துகொள்வார்கள்.

இங்கே சில மரியாதைகள் உண்டு. மணலில் விரித்திருக்கும் வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிச் செல்லுங்கள். வாங்கும் எண்ணம் இல்லாமல் விலை கேட்காதீர்கள். கேளாமல் ஒருவர் முகத்தைப் படம் பிடிக்காதீர்கள். மூக்கைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு, இது இவர்களின் தொழிற்கூடம் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லி அழைத்து வருவது நல்லது. சில ஊர்களில் கரைமடி இழுப்பதையும் காணலாம். ஒரு வள்ளம் கடலுக்குள் அரைவட்டமாக வலையை இட்டு வர, அதன் இரு கயிறுகளையும் கரையில் இரண்டு அணியினர் மெல்ல மெல்ல இழுத்து நெருங்கி வருவார்கள். இதற்குக் குறித்த நேரம் கிடையாது. முந்தைய நாளே அவ்வூர்த் தேநீர்க் கடையில் விசாரித்தால் யாரேனும் சொல்வார்கள்.

பகல் உணவைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அவித்த மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் அரைத்த மீன்குழம்பும் கிடைக்கும் எளிய கடை எதுவாயினும் போதும். பிறகு ஒரு மட்டிப்பழம். அதன்பின் நண்பகல் வெயிலில் எங்கும் அலையாமல் இரண்டு மணி நேரம் படுத்துறங்குங்கள். திட்டத்தில் உறக்கத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்று நான் சொன்னபோது மைத்துனர் சிரித்தார். மாலை நாலு மணிக்குப் பிள்ளைகள் சிணுங்காமல் வண்டியேறியதைக் கண்டபின் சிரிக்கவில்லை.

மாலையில் குளச்சல். 1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் இங்கே திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் தோற்கடித்தது. அந்த வெற்றியின் தூண் இன்றும் கடலோரத்தில் நிற்கிறது. கல்தூணைக் காட்டி ஆண்டைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதன் பின்கதையைச் சொல்ல வேண்டும். டச்சுத் தரப்பில் இருந்த டிலனாய் என்பவர் மன்னரிடம் சிறைப்பட்டார். சிறைப்பட்டவரே பின்னர் மன்னரின் படைக்கு நவீனப் பயிற்சி அளித்துப் படைத்தலைவராக உயர்ந்து, 1777இல் இறக்கும் வரை இம்மண்ணிலேயே வாழ்ந்தார். தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. இலத்தீனும் தமிழும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இவருடைய நட்பின் வழியாகவே அரண்மனை அலுவலராயிருந்த நீலகண்ட பிள்ளை கிறிஸ்துவை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். கோட்டாறு பேராலயத்தில் அவர் கல்லறை உள்ளது. கடலில் தொடங்கிய ஒரு போர் மலையில் ஒரு மறைசாட்சியிடம் போய்ச் சேர்ந்த கதையை, குளச்சல் மணலில் அமர்ந்து சொல்லிப் பாருங்கள். என் மருமகன் அத்தூணை மூன்று முறை சுற்றி வந்தான்.

கதிரவன் மறைவதைக் காண முட்டத்துக்கே திரும்பலாம். ஆண்டின் நடுமாதங்களில் குமரிமுனையிலிருந்து பார்த்தால் கதிரவன் நிலத்தின் பக்கமாக மறைந்துவிடும். முட்டத்துப் பாறைகளில் அந்த ஏமாற்றம் குறைவு. ‘அலைகள் ஓய்வதில்லை’ படம் இங்கே எடுக்கப்பட்டது என்று பெற்றோர் தங்கள் இளமையை நினைவுகூர்வதும் வழக்கம். அவர்கள் நினைவுகூரும் அந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே சற்று நிற்கிறேன். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகேயுள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி மாண்டனர். ஒரு திருமணத்துக்காக இம்மாவட்டத்துக்கு வந்த நண்பர் குழுவினர் அவர்கள். வானத்தில் புயல் இல்லை. அன்று கரைக்கு வந்தது கள்ளக்கடல். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் கோடியில் எழும் சூறாவளி அலைகளை உந்தி விடுகிறது. அவை சில நாட்கள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. இங்கே காற்றும் இராது, மேகமும் இராது. திருடனைப் போல் வருவதால் அப்பெயர். மழைக்காலத்துக்கு முந்திய மாதங்களில், அதாவது நம் பிள்ளைகளின் விடுமுறையில், இது மிகுதி. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் இதனை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கிறது. அன்றைக்கும் எச்சரிக்கை வெளியாகியிருந்தது.

ஆகையால் எங்கள் இல்லத்தில் இப்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. வெள்ளிக்கிழமை இரவே செய்தியில் கடல் எச்சரிக்கையைப் பார்க்கிறோம். இருந்தால் மறுநாள் கடலோரம் கிடையாது. பத்மநாபபுரம் அரண்மனைக்கோ மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கோ போய்விடுவோம். எச்சரிக்கை இல்லாத நாளிலும் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், “அண்ணாச்சி, இங்கே கால் நனைக்கலாமா?” என்று கேட்ட பின்பே இறங்குகிறோம். இக்கரை பல இடங்களில் சட்டென்று ஆழம் கொள்ளும். கரையை விட்டு உள்ளே இழுக்கும் நீரோட்டம் நீச்சல் தெரிந்தவரையும் விடாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் கூடாது. ஈரமான பாறையில் ஏறக் கூடாது. பிள்ளை ஒன்றுக்குப் பெரியவர் ஒருவர் கைபிடித்து நிற்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று மீனவர் சொன்னால் வேண்டாம்தான். அவரிடம் வாதிட நமக்கு என்ன படிப்பு இருக்கிறது?

ஞாயிறு விடியலுக்குக் குமரிமுனை. கதிரவன் எழுவதைக் கண்டுவிட்டு, அலங்கார உபகார மாதா ஆலயத்தில் காலைத் திருப்பலி. உடனே படகுத்துறைக்குச் சென்றுவிட்டால் வரிசை குறைவு. 1970இல் அமைந்த விவேகானந்தர் பாறை நினைவகத்தையும், 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையையும் இப்போது ஒரு கண்ணாடிப் பாலம் இணைக்கிறது. 77 மீட்டர் நீளமுடைய இப்பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. காலுக்குக் கீழே கடல் கொந்தளிப்பதைக் கண்டு என் தங்கை கண்ணை மூடிக்கொண்டே கடந்தாள். கடல் சீற்றமாயிருந்தால் படகு ஓடாது. அதற்காக அங்கேயே நண்பகல் வரை காத்திருந்து நாளை வீணாக்குவதில் பயன் இல்லை.

பிற்பகலில் மணக்குடி. பழையாறு கடலில் கலக்கும் இடம். அலையாத்திச் செடிகளும் நீர்ப்பறவைகளும் உண்டு, கூட்டம் இல்லை. 2004 டிசம்பர் 26, அதுவும் ஒரு ஞாயிறு. அன்று காலை வந்த ஆழிப்பேரலை இங்கிருந்த பாலத்தைப் பெயர்த்தெறிந்தது. அதன் பிறகு கட்டப்பட்ட பாலத்தின் மீதுதான் இன்று நடக்கிறோம். இம்மாவட்டத்தின் கடலோர ஊர்கள் பலவற்றில் அந்நாளில் ஆண்டுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். டிசம்பர் விடுமுறையில் வருவோர் அன்று கேளிக்கையை ஒதுக்கி வைத்து, ஒரு மணி நேரம் அவர்களோடு நிற்கலாம். மற்ற ஞாயிறுகளில் மணலில் இளைஞர்கள் பந்து உதைப்பார்கள்; நம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்கள். ஏதேனும் ஓர் ஊரில் பங்குத் திருவிழா நடந்தால் அசனத்தில் உங்களுக்கும் ஓர் இலை இருக்கும். எந்த ஊரில் எப்போது திருவிழா என்பதைப் பங்கு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டாம் முறை வந்தபோது மைத்துனரின் தாளில் 4 பெயர்களே இருந்தன. அவற்றிலும் ஒன்று நிறைவேறவில்லை. காரணம், சனிக்கிழமை காலையில் கரைமடி இழுக்கும் இடத்தில் இளையவள் நின்றுவிட்டாள். முதலில் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கயிற்றின் கடைசியில் இருந்த பெரியவரிடம் ஏதோ கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தமக்கு முன்னால் அவளுக்கு இடம் விட்டார். முக்கால் மணி நேரம் அந்த வரிசையோடு மணலில் பின்னோக்கி நடந்து இழுத்தாள். மடி கரையேறியதும், கயிறு பிடித்தவர்களுக்குப் பங்கு பிரித்தபோது, அந்தப் பெரியவர் அவளை மறக்கவில்லை. இரண்டு கையிலும் ஏந்தி ஓடிவந்து, “மாமா, இது என் கூலி!” என்றாள். நான்கு சாளை. அன்று மதியம் என் மனைவி அவற்றை வேறு மீனோடு கலக்காமல் தனியாகப் பொரித்து வைத்தாள்.