நூறு மணி நேரமும் முப்பது நாளும்

ஆடி பிறந்தால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கல்யாண மண்டபங்களுக்கு ஓய்வு. ஆடிப்பூரத் தேருக்கு ஊரே திரளும். ஆனால் முகூர்த்தம் கிடையாது. வெள்ளையடிப்பது, மேடைப் பலகையைச் சரிசெய்வது, அணைந்துபோன பல்பை மாற்றுவது எல்லாம் இந்த மாதத்தில்தான். உயரக் கூரையில் தொங்கும் 250 வாட், 400 வாட் மெட்டல் ஹாலைடு பல்புகளில் நாலைந்தை மாற்றி, எரிகிறதா என்று சற்று நேரம் பார்த்துவிட்டு அணைத்துவிடுவார்கள். ஆவணியின் முதல் முகூர்த்தத்தில்தான் விஷயம் வெளியே வரும். பழைய பல்புகளின் கீழே மஞ்சள் சாய்ந்த வெள்ளை, புதியவற்றின் கீழே நீலம், ஏதோ ஒன்று மட்டும் பச்சை. முதலில் முகம் சுளிப்பவர் வீடியோக்காரர். பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், "முப்பது நாள் தாண்டிருச்சேண்ணே" என்று பதில் வரும்.

இதில் ஏமாற்று இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. ஆனால் இருக்கும்போது அதைக் கண்டுபிடிக்க வழி தெரிய வேண்டும், கேட்க உரிமை எங்கே என்றும் தெரிய வேண்டும்.

இந்த பல்புக்குள் இழை கிடையாது. வெளிக்கண்ணாடிக்குள்ளே இன்னொரு சிறிய குவார்ட்ஸ் குழாய். அதற்குள் பாதரசம், ஆர்கான் வாயு, கூடவே சோடியம், ஸ்காண்டியம், தாலியம், இண்டியம் போன்ற உலோகங்களின் அயோடைடு உப்புகளில் சில, மில்லிகிராம் கணக்கில். மின்பொறி ஓடும் சூட்டில் உப்பு ஆவியாகி ஒவ்வொரு உலோகமும் தன் நிறத்தைக் கொடுக்கும். சோடியத்தால் மஞ்சள், தாலியத்தால் பச்சை, இண்டியத்தால் நீலம். எல்லாம் அளவாகக் கலந்தால்தான் நம் கண்ணுக்கு வெள்ளை. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1960-களில் கில்பர்ட் ரைலிங் இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்தே இந்தக் கலவைதான் இதன் பலமும் பலவீனமும். உப்பின் எடையிலோ குழாயின் சூட்டிலோ சிறிது வித்தியாசம் வந்தாலும் நிறம் நகர்ந்துவிடும்.

புது பல்பில் உப்பு இன்னும் தன் இடத்தில் படிந்திருக்காது. அதனால்தான் முதல் 100 மணி நேரம் எரிந்த பிறகே நிறத்தை அளக்க வேண்டும் என்பது விளக்குத் துறையில் பழைய வழக்கம். மறுபக்கம், ஆயிரக்கணக்கான மணி நேரம் எரிந்த பழைய பல்பில் சோடியம் மெல்ல மெல்லக் குழாய்ச் சுவர் வழியே கசிந்து குறைந்திருக்கும். அதன் நிறமும் பிறந்த நாளின் நிறம் அல்ல. ஆக, புதிதும் பழையதும் பக்கத்துப் பக்கத்தில் எரியும்போது குற்றவாளி புதிது மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே கம்பெனியின் ஒரே தயாரிப்பு வரிசையில் மாற்றச் சொல்வது இதனால்தான். செலவு உறுத்தும், உண்மைதான். பழையவற்றை மண்டபத்தின் ஒரு பக்கமாகச் சேர்த்து மாட்டிவிட்டுப் புதியவற்றை மேடைப் பக்கம் வைப்பது பாதி விலை வைத்தியம்.

இங்கே ஒரு கணக்கு இடறுகிறது. மூன்று ஷிஃப்ட் ஓடும் மில்லில் 100 மணி நேரம் என்பது நாலு நாள் சொச்சம். மண்டபத்தில் ஒரு முகூர்த்தத்துக்கு ஆறேழு மணி நேரம் எரிந்தால், அதே நூறைத் தொட மாதக்கணக்காகும். நிறம் நிலைத்து, இது கோளாறுதான் என்று உறுதியாகும் முன்பே கடைக்காரரின் கெடு முடிந்துவிடும். இதற்கு வழி ஆடியிலேயே இருக்கிறது. வாங்கிய கையோடு நாலைந்து நாள் எரிய விடுங்கள். மின்தடை வந்தால் அந்த நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். 400 வாட் பல்புக்குச் சோக்கையும் சேர்த்து 44 யூனிட் அளவுக்கு ஆகும், அவ்வளவே.

நூறு மணி நேரத்துக்குப் பிறகும் ஒரு பல்பு மட்டும் தனித்து நின்றால், வயர்மேனை ஏற்றி, மெயினை அணைத்து, பல்பு ஆறியபின் அதைப் பக்கத்து ஃபிட்டிங்கிற்கு மாற்றச் சொல்லுங்கள். நிறம் பல்போடு போனால் பல்பில் கோளாறு. நிறம் பழைய இடத்திலேயே நின்றால் சோக், இக்னிட்டர், அங்கே வரும் வோல்டேஜ், இவற்றில் ஒன்று. சில சோக்குகளில் 220, 240 என்று தனித்தனி முனை இருக்கும். தவறான முனையில் வயரை மாட்டியிருந்தால் குழாயின் சூடு மாறி நிறமும் மாறும். செங்குத்தாக எரிய வேண்டிய பல்பைப் படுக்க வைத்தாலும் இதே கதை. வோல்டேஜ்தான் தொடர்ந்து குறைகிறது என்றால் கடைக்காரரைக் கேட்டுப் பயனில்லை. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். அங்கே தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர்.

பல்பில்தான் கோளாறு என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும். பில் தர மறுப்பதே நேர்மையற்ற வணிகம் என்கிறது அந்தச் சட்டத்தின் 2(47) பிரிவு. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படியே. கெடு எதுவும் எழுதப்படாவிட்டால்தான் 30 நாள். கடைக்காரர் சொல்லும் முப்பது நாளுக்கு இதுவே வேர். ஆனால் அது பொருளைத் திருப்பித் தருவதற்கான கணக்கு. வழக்குப் போடுவதற்கு இரண்டு ஆண்டு இருக்கிறது. முப்பது நாள் போனதும் உரிமையே போனது என்று சொல்வதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

சோதித்துப் பார்த்தால்தான் குறை தெரியும் என்றால், மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே கோளாறான பல்பை ஆத்திரத்தில் தூக்கிப் போடாமல் அட்டைப்பெட்டியோடு வைத்திருங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும், மாவட்ட நீதிமன்றம் போலவே நுகர்வோர் குறைதீர் ஆணையமும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இயங்குகிறது. ராஜபாளையத்துக்காரருக்குப் பக்கத்து ஊர். அதற்கு முன்பு 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் பேசிப் பார்க்கலாம். பல நேரம் அந்த அழைப்பிலேயே கம்பெனி இறங்கி வந்துவிடும்.

ஆனால் எல்லோரும் அந்தக் கதவைத் தட்ட முடியாது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்மீது லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது: இயந்திரத்தை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர், பெரிய அளவில் லாபத்துக்குத் தொழில் நடத்துபவர் அல்ல. சத்திரப்பட்டியில் நாலு தறி போட்டுப் பேண்டேஜ் துணி நெய்து, தானே தறியில் நிற்பவருக்கு வழி திறந்திருக்கிறது. ராஜபாளையத்தின் நூற்பு மில்லுக்கும், லாபத்துக்கு நடக்கும் பெரிய மண்டபத்துக்கும் அது அநேகமாக மூடியிருக்கும். மண்டபத்தை வாடகைக்கு எடுத்த குடும்பம் வேறு. அவர்கள் சேவைக்குப் பணம் கொடுத்த நுகர்வோர்.

மூடிய கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது. அதன் 16-ஆம் பிரிவில் ஒரு நுணுக்கம். எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டியது அவர் பொறுப்பு. இன்ன பிராண்ட், இன்ன நம்பர் கொடு என்று நீங்களே பெயர் சொல்லி வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வெளுத்த துணியின் தரம் பார்க்கும் மேசைக்கு மேலே இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் நல்ல துணியும் பழுப்பாகத் தெரியும். அப்படிப்பட்ட இடத்துக்கு வாங்குகிறவர், "ஏற்கெனவே எரியும் பல்புகளோடு நிறம் ஒத்திருக்க வேண்டும், நூறு மணி நேரத்துக்குப் பின்னும் ஒவ்வாவிட்டால் மாற்றித் தர வேண்டும்" என்று ஆர்டரிலும் பில்லிலும் எழுதி வாங்க வேண்டும். நம் ஊரில் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். தெரிந்த கடை, தெரிந்த அண்ணாச்சி. தெரிந்தவரிடம் எழுதி வாங்குவது இன்னும் சுலபம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்பு திடீரென்று நிறம் மாறினால் முதலில் வெளிக்கண்ணாடியைப் பாருங்கள். பந்து பட்டோ ஏணி தட்டியோ அது உடைந்தாலும் உள்குழாய் தொடர்ந்து எரியும். புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்த வெளிக்கண்ணாடிதான். அது போனால் கீழே நிற்பவரின் தோல் சிவக்கும், சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். கூடைப்பந்து ஆடும் உள்ளரங்குகளில் இதை மறக்கக் கூடாது. வெளிக்கண்ணாடி உடைந்தால் 15 நிமிடத்துக்குள் தானே அணைந்துவிடும் ரகம் என்று அமெரிக்க விதிகள் தனியாக ஒன்றை அடையாளமிடச் சொல்கின்றன. இங்கே அதை எதிர்பார்த்திருக்காமல் உடனே ஸ்விட்சை அணைப்பதே வழி.

மில்லில் ஆபத்து வேறு வகை. ஆயுள் முடிந்த உள்குழாய் சில நேரம் வெடிக்கும். சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் குவார்ட்ஸ் துண்டுகள் கீழே விழும். கீழே பஞ்சு. ஆகவே முன்பக்கம் கண்ணாடி மூடிய ஃபிட்டிங், ஆயுள் முடியும் முன்பே மாற்றுவது, இடைவிடாமல் எரியும் பல்பை வாரம் ஒருமுறை கால் மணி நேரமாவது அணைத்து வைப்பது ஆகிய மூன்றும் தேவை. நலிந்த குழாய் திரும்ப எரியும்போது தானே செத்துவிடுவது பெரும்பாலும் அந்தக் கால் மணி நேரத்தால்தான். போதிய வெளிச்சம் தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொன்னது. 2020-ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புத் தொகுப்பும் அதையே சொல்கிறது. கண் எரிகிறது, பல்பு உடைந்து எரிகிறது என்று மேஸ்திரியிடம் சொல்லியும் நடக்காவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதலாம். வழக்கு வரை போனால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் இலவச வக்கீல் கிடைப்பார். கேட்க வேண்டிய எண் 15100.

கழற்றிய பல்பைக் காயலான் கடைக்குக் கொடுத்தால் மூடியின் உலோகத்துக்காக உடைப்பார்கள்; உள்ளே இருக்கும் பாதரசம் அங்கே நிற்பவரின் மூச்சில் போகும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் பாதரச விளக்குகளும் சேர்ந்திருக்கின்றன. புது பல்பு வந்த அட்டைப்பெட்டியிலேயே பழையதை வைத்து, அடுத்த ஆர்டரின்போது எடுத்துக்கொண்டு பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும் என்று கம்பெனியிடம் கேளுங்கள். இதையும் பில்லில் எழுதச் சொல்லலாம்.