குழந்தைக்கு சேமிப்புக் கணக்கு தொடங்கப் போறீங்களா? வட்டியைப் பார்க்கும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்!

பிறந்தநாளுக்கு தாத்தா கொடுத்த 500, பொங்கலுக்கு மாமா கொடுத்த 200 என உண்டியல் நிரம்பியதும் பல வீடுகளில் எழும் பேச்சு, "பேங்க்ல ஒரு அக்கவுண்ட் போட்டுடலாமா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "எந்த பேங்க்ல வட்டி அதிகம்?"

ஆனால், குழந்தைகளின் கணக்கில் வட்டியை விட முக்கியமானவை வேறு சில உண்டு. கணக்கை யார் இயக்குவது, 18 வயதானதும் என்ன ஆகும் என்று கேட்காமல் தொடங்கினால், காலேஜ் ஃபீஸ் கட்டும் நேரத்தில் சொந்தப் பணத்தையே எடுக்க முடியாமல் நிற்க வேண்டி வரலாம்.

*1. கணக்கை இயக்கப் போவது யார்?*

18 வயதுக்கு உட்பட்டோரின் கணக்குகளுக்கான விதிகளைத் தொகுத்து, ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் 21-ல் சுற்றறிக்கை வெளியிட்டது. ஜூலை 1-க்குள் வங்கிகள் தங்கள் நடைமுறையை இதற்கேற்ப மாற்றிக்கொள்ளச் சொன்னது.

இதன்படி, எந்த வயதுக் குழந்தைக்கும் பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர் மூலம் கணக்கு தொடங்கலாம். அப்பாதான் வர வேண்டும் என்பதில்லை, அம்மாவே காப்பாளராக இருந்து தொடங்கலாம். 10 வயது நிரம்பியவர்கள் விரும்பினால் தாங்களே கணக்கு தொடங்கி, தாங்களே இயக்கலாம். எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும்.

உதாரணமாக, ஸ்டேட் வங்கியில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. 'பெஹ்லா கதம்' எந்த வயதுக் குழந்தைக்கும், பெற்றோருடன் சேர்ந்து தொடங்குவது. 'பெஹ்லி உடான்' 10 வயதைத் தாண்டிய, ஒரே மாதிரி கையெழுத்துப் போடத் தெரிந்த பிள்ளைகள் தனியாக வைத்துக்கொள்வது. தபால் நிலையத்திலும் 10 வயதுக்கு மேல் தன் பெயரிலேயே தொடங்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? படிப்புச் செலவுக்காக நீங்கள் பணம் போட்டு வைக்கப் போகிறீர்கள் என்றால், பெற்றோர் சேர்ந்து இயக்கும் கணக்கு சரி. பிள்ளை பணத்தைக் கையாளப் பழகணும் என்றால் தனிக் கணக்கு. ஆனால் அதில் சிறு தொகை மட்டும் இருக்கட்டும்.

*2. ஒரு நாளில் எவ்வளவு எடுக்க முடியும்?*

ஏடிஎம் கார்டு, செக் புக், நெட் பேங்கிங் தருவதா வேண்டாமா என்பது வங்கியின் விருப்பம். தந்தாலும் வரம்பு உண்டு. ஸ்டேட் வங்கியின் இந்தக் கணக்குகளில் கார்டு மூலம் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வரைதான் எடுக்க முடியும். இருப்பதற்கு மேல் எடுக்க ரிசர்வ் வங்கி விதி எந்த வங்கியிலும் அனுமதிப்பதில்லை, அதனால் கணக்கு கடனில் போகாது.

எஸ்எம்எஸ் யாருடைய செல்போனுக்கு வரும் என்பதையும் கேளுங்க. அதோடு, பின் நம்பரையும் ஓடிபி-யையும் ஃப்ரெண்டுக்குக்கூட சொல்லக்கூடாது, "உன் அக்கவுண்ட்ல கொஞ்சம் பணம் போட்டு எடுத்துக்கிறேன்" என்று யார் கேட்டாலும் சம்மதிக்கக்கூடாது என்று டீன் ஏஜ் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லி வைக்கணும். மோசடிப் பணத்தைக் கைமாற்ற இப்படித்தான் அடுத்தவர் கணக்கைக் கேட்கிறார்கள். விசாரணை என்று வந்தால் முதலில் சிக்குவது கணக்கு வைத்திருப்பவர்தான்.

*3. கட்டணம் போக மிச்சம் எவ்வளவு?*

ஸ்டேட் வங்கியின் சேமிப்புக் கணக்கு வட்டி 2025 ஜூன் 15 முதல் 2.5 சதவீதம். தபால் நிலையத்தில் 4 சதவீதம். 10,000 ரூபாய் இருந்தால் வருடத்துக்கு 250-க்கும் 400-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது 150 ரூபாய். கார்டு ஆண்டுக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம், மினிமம் பேலன்ஸ் அபராதம் என்று போனால் இந்த 150 காணாமல் போய்விடும். மேலே சொன்ன ஸ்டேட் வங்கிக் கணக்குகளில் மினிமம் பேலன்ஸ் கிடையாது. தபால் நிலையத்தில் 500 ரூபாய் இருக்க வேண்டும்.

பல வருடம் எடுக்காத பணம் என்றால், சேமிப்புக் கணக்கே சரியான இடமில்லை. ஆர்டி, எஃப்டி பார்க்கலாம். 10 வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை என்றால் செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு குறைந்தது 250, அதிகபட்சம் 1.5 லட்சம் ரூபாய் போடலாம். 2024 ஜனவரியில் இதன் வட்டி 8.2 சதவீதம் ஆனது. காலாண்டுக்கு ஒருமுறை அரசு இதை மாற்றியமைக்கலாம். ஆனால் அவசரத்துக்கு எடுக்க முடியாது. 18 வயதானாலோ, 10-ம் வகுப்பு முடித்தாலோதான் படிப்புக்காக 50 சதவீதம் வரை எடுக்கலாம்.

*4. 18 வயது ஆனதும் என்ன ஆகும்?*

பெரும்பாலானோர் கேட்க மறக்கும் கேள்வி இது. 18 முடிந்ததும் பெற்றோரின் கையெழுத்து அந்தக் கணக்கில் செல்லாது. பிள்ளையின் புதிய மாதிரிக் கையெழுத்தையும், கணக்கை இனி எப்படி இயக்குவது என்ற விவரத்தையும் வங்கி வாங்க வேண்டும். காப்பாளர் இயக்கி வந்த கணக்கு என்றால் இருப்புத் தொகையையும் உறுதி செய்ய வேண்டும்.

12-ம் வகுப்பு முடித்து காலேஜ் சேரும் நேரமும் இதுதான். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும் காலமும் இதுதான். எனவே 18-வது பிறந்தநாளுக்கு முன்பே வங்கியில் என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, பிறந்தநாள் முடிந்ததும் பிள்ளையை நேரில் அழைத்துப் போங்க. 15 வயதில் செய்ய வேண்டிய ஆதார் கைரேகைப் புதுப்பிப்பு முடிந்ததா என்றும் பார்த்துடுங்க.

*வரி உண்டா?*

குழந்தை பெயரில் இருந்தாலும், வட்டி வருமானம் பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய கணக்கில் சேரும். பிள்ளை தன் திறமையால் சம்பாதித்ததற்கு இது பொருந்தாது.

*கையில் என்ன எடுத்துப் போகணும்?*

குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம், காப்பாளரின் ஆதார் மற்றும் பான் கார்டு. கூடவே இந்த 4 கேள்விகளும். கவுன்ட்டரில் கேட்கும்போது பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும். அது அவங்க பணம்தானே!