முதல் துப்பாக்கியைக் கை தேர்ந்தெடுக்கட்டும்

தி.நகர்க்காரர் ஒருவர், இருபத்தைந்து வயது இருக்கும், போன மாதம் மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்தார். துப்பாக்கி சுடுவதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காபி ஆறுவதற்குள் கேட்டுவிட்டார்: "அண்ணா, ஷூட்டிங் கத்துக்கணும். முதல்ல எந்த ரிவால்வர் வாங்கட்டும்?" செல்போனில் மூன்று படங்கள் வைத்திருந்தார். நிர்பீக், பிரபல், வெப்ளி அண்டு ஸ்காட்.

மூன்றுமே .32 போர் (குழல் துளை அளவு). அதை அவர் கவனித்திருக்கவில்லை. அது தற்செயலும் இல்லை. ராணுவமும் போலீஸும் கையாளும் தோட்டாவைப் பொதுமக்கள் கையில் விடக்கூடாது என்பது பிரிட்டிஷார் காலத்து எண்ணம். சுதந்திர இந்தியாவின் சட்டமும் அதைத் தொடர்ந்தது. .38, .45, .455, 9 மி.மீ. எல்லாம் தடை செய்யப்பட்ட போர். சாதாரணக் குடிமகனுக்கு மிஞ்சுவது .32, .22 போன்ற சில அளவுகள்தான். அமெரிக்காவில் ஒருவர் கடைக்குப் போனால் ஐம்பது மாடல்களுக்கு நடுவே திணறுவார். இங்கே பாதித் தேர்வைச் சட்டமே செய்துவிடுகிறது.

மீதிப் பாதியிலும் அவசரம் செல்லாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு விதிகளும் வரிசையைத் தெளிவாக வைத்திருக்கின்றன. முதலில் லைசென்ஸ், பிறகுதான் துப்பாக்கி. 21 வயது முடிந்திருக்க வேண்டும். சென்னை மாநகரத்தில் லைசென்ஸ் தருபவர் போலீஸ் கமிஷனர், மாவட்டங்களில் கலெக்டர். போலீஸ் விசாரணை உண்டு. எதற்கு வேண்டும், எங்கே பத்திரப்படுத்துவீர்கள் என்பதற்கெல்லாம் பதில் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகள் வரைதான் வைத்திருக்கலாம், போட்டி வீரர்களுக்குத் தனிச் சலுகை. லைசென்ஸ் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாகியிருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். கல்யாணத்திலோ திருவிழாவிலோ வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதையெல்லாம் கேட்டு அவர் முகம் வாடியது. அப்போது என் பதிலைச் சொன்னேன்: முதல் துப்பாக்கி ரிவால்வராக இருக்கவே கூடாது.

சுடக் கற்பவனுக்கு எதிரி குறியில்லை, தன் உடம்புதான். சத்தமும் உதையும் வரப்போகிறது என்று தெரிந்ததும் விரல் விசையை இழுக்காமல் வெட்டிப் பிடுங்கும், மணிக்கட்டு கீழே சாயும், கண் மூடிக்கொள்ளும். ரிவால்வரில் தொடங்குபவனுக்கு இந்தப் பழக்கம் முதல் பத்துத் தோட்டாவிலேயே ஒட்டிக்கொள்கிறது. உதிர்ப்பதற்கு ஆண்டுகள் ஆகும். எனக்கே ஆயின. தொடக்கத்தில் ஒருவர் ஆசையாகத் தன் .32-ஐக் கையில் கொடுத்தார், நானும் ஆசையாக வாங்கிச் சுட்டேன். அன்று கற்றதை மறப்பதற்கே பிறகு இரண்டு ஆண்டுகள் காற்றுப் பிஸ்டலைப் பிடித்தேன்.

காற்றுப் பிஸ்டலில் உதை இல்லை என்றே சொல்லலாம். 4.5 மி.மீ. ஈயப் பெல்லட், பத்து மீட்டர் தூரம், காகிதத்தில் நடுவளையம் 11.5 மி.மீ. சட்டைப் பொத்தானளவு. விசையை இழுக்க 500 கிராம் கனமாவது வேண்டும் என்பது போட்டி விதி. பாரிஸில் 2024-இல் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியது இந்தப் பிரிவில்தான். போர் 4.5 மி.மீ.க்கும், சக்தி 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. வெளிநாட்டுப் போட்டிப் பிஸ்டல் ஒரு லட்சத்தைத் தாண்டும், ஆனால் அதையும் உடனே வாங்க வேண்டாம். கிளப் பிஸ்டலில் ஆறு மாதம் சுட்டால் உங்கள் கைப்பிடி அளவு என்ன, உங்கள் கண்ணுக்கு எந்த சைட் (குறிபார்க்கும் கருவி) பொருந்துகிறது என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

அடையாறிலிருந்தோ மயிலாப்பூரிலிருந்தோ கிளம்பினால் அருகில் இருப்பது எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் உள்ள சென்னை ரைஃபிள் கிளப். நடிகர் அஜித்குமார் பயிற்சி எடுத்த இடம். 2021 பிப்ரவரியில் அவர் வாடகை கார் பிடித்து, கிளப் என்று நினைத்து வேப்பேரியில் உள்ள புதிய கமிஷனர் அலுவலகத்தில் போய் இறங்கியது பத்திரிகைகளில் வந்தது. அடுத்த மாதமே சென்னையில் நடந்த மாநிலப் போட்டியிலும், 2022-இல் திருச்சியில் நடந்ததிலும் பதக்கங்கள் வாங்கினார். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு போட்டியில் நின்று பதக்கம் வாங்க முடிகிறது. இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. இதற்கு வேகமான கால் வேண்டாம், அமைதியான மூச்சு போதும்.

இப்படி ஓராண்டாவது போன பிறகும் ரிவால்வர் ஆசை இருந்தால், அது நியாயமான ஆசை. அப்போது அந்த மூன்று படங்களுக்குத் திரும்பலாம்.

நிர்பீக் 2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. 2012 டெல்லிப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்று விளம்பரமானது. எடை சுமார் 500 கிராம், அன்றைய விலை 1,22,360 ரூபாய். அரை கிலோ என்றதும் புதியவருக்கு அதுதான் சுலபம் என்று தோன்றும். உண்மை தலைகீழ். ஒரே தோட்டாவைச் சுடும் இரண்டு துப்பாக்கிகளில் எடை குறைந்ததுதான் அதிகமாக உதைக்கும். பிடிக்கும்போதும் ஆடும். போட்டிக் காற்றுப் பிஸ்டலே ஒரு கிலோவை ஒட்டி இருக்கிறது, அந்தக் கனம்தான் கையை நிறுத்துகிறது. சுமந்து திரிவதற்கு லேசானது நல்லது, கற்பதற்குக் கனமானது நல்லது. இந்த ஒரு விஷயத்தில் என் கருத்தை யாரும் மாற்ற முடியாது.

பிரபல் 2023 ஆகஸ்டில் அதே கான்பூரிலிருந்து வந்தது. சுமார் 700 கிராம், குழல் நீளம் 76 மி.மீ. சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். பழைய கான்பூர் .32-ம் நிர்பீக்கும் வெப்ளி வழி வந்தவை. மேலே உள்ள கொக்கியை விடுவித்தால் துப்பாக்கியே நடுவில் மடிந்து, காலித் தோட்டாக்கள் ஒன்றாக மேலே தள்ளப்படும். அந்த வெப்ளி பெயரில் உத்தரப்பிரதேசத்தின் ஹர்தோயிலேயே இப்போது .32 தயாராகிறது. பக்கவாட்டில் திறக்கும் அமைப்பில் மேல்சட்டம் முழுதாக இருப்பதால் நான் அந்தப் பக்கம் சாய்வேன். ஆனால் இதில் பிடிவாதம் இல்லை.

டீலர் கடையில் பார்க்க வேண்டியது வேறு. சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று உங்கள் கண்ணால் பாருங்கள். டீலர் பார்த்துவிட்டாலும் நீங்கள் பாருங்கள். ரிவால்வரின் பெரிய நற்குணமே இதுதான், ஒளித்துவைக்க அதற்கு இடம் கிடையாது. பிறகு பிடியுங்கள். ஆட்காட்டி விரலின் முதல் கணு விசையில் சிரமமில்லாமல் உட்கார வேண்டும். கை நீண்டு எட்டிப் பிடித்தால் அது உங்கள் துப்பாக்கி இல்லை. டீலரிடம் அனுமதி கேட்டு, பாதுகாப்பான பக்கம் நோக்கி, காலித் துப்பாக்கியின் விசையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுத்துவைத்துச் சுட்டால் விசை இளகும். நேரடியாக இழுத்தால் பல கிலோ கனம் கேட்கும், முன்சைட் நடுங்கும். அந்த நீண்ட இழுப்பில் சைட் நிற்கிறதா என்பதே உங்கள் பரீட்சை. சுத்தியல் பின்னால் நிற்கும்போது சிலிண்டர் இப்படியும் அப்படியும் ஆடினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று: சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. சுடும்போது சூடான வாயு அதன் வழியே பக்கவாட்டில் சீறும். இடது கைக் கட்டைவிரலை முன்னே நீட்டிப் பிடிக்கும் பழக்கம் பிஸ்டலுக்குச் சரி, ரிவால்வருக்கு ஆகாது.

போட்டிக்கென்று வாங்குபவர்களுக்கு 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவு இருக்கிறது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா தங்கம் வென்ற பிரிவு. மூன்றங்குலக் குழலோடு அதில் நிற்க முடியாது. சைட்டுகளுக்கு இடையே தூரம் குறையக் குறையத் தப்பு பெரிதாகும். அதற்கு நீண்ட குழல்தான் வேண்டும்.

வீட்டுப் பாதுகாப்புக்கு என்று சொல்பவர்களிடம் நான் நீண்ட நேரம் பேசுவேன். மந்தைவெளியில் என் உறவினர் ஒருவர் லைசென்ஸ் ரிவால்வரைத் தோட்டா போட்டபடியே பீரோவில், புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார். ஒருநாள் ஏழு வயதுப் பேரன் அதைக் கூடத்துக்கு எடுத்துவந்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் அன்று சாப்பிட யாரும் உட்காரவில்லை. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். அதற்கு இடமோ மனமோ இல்லாத வீட்டில் துப்பாக்கி வேண்டாம். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது, ராதாவும் காயப்பட்டார். இருவரையும் ராயப்பேட்டை மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். பல படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். எம்.ஜி.ஆரின் குரல் அதன் பிறகு பழையபடி திரும்பவே இல்லை. கோபம் வந்த நொடியில் கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்குத் தெரியும்.

தி.நகர் இளைஞர் படங்களை அழிக்கவில்லை. அழிக்கச் சொல்லவும் இல்லை நான். இப்போது காற்றுப் பிஸ்டலில் பழகுகிறார், பெல்லட்டுகள் இன்னும் கறுப்பு வட்டத்துக்கு வெளியேதான் விழுகின்றன. உங்களுக்கும் அந்த ஆசை இருந்தால் டீலர் கடைக்கு முன்னால் கிளப்புக்குப் போய்க் கேளுங்கள். வேப்பேரி இல்லை, எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலகம்.